முட்டைக்குள்ளேயே முதல் தீனி: கறிக்கோழிக் குஞ்சுக்குப் பொரிக்கும் முன் ஊட்டம் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணைக்காரர்களும், பொரிப்பகத்தில் வேலை பார்ப்பவர்களும், கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. தொடங்கும் முன் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடலாம். தமிழில் மஞ்சள் கருவும் கருதான், வெள்ளைக் கருவும் கருதான், குஞ்சாக வளர்வதும் கருதான். இங்கே வெறுமனே 'கரு' என்று வந்தால் வளர்கிற குஞ்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் முழுப் பெயரிலேயே சொல்கிறேன்.

முட்டைக்குள் ஊட்டம் கொடுப்பது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

அடைவைத்து 18ஆம் நாளை நெருங்கும் முட்டையின் அகன்ற முனையில் மிகச் சிறிய துளை இடுகிறார்கள். சத்துகள் கரைந்த நீரை, பெரும்பாலும் அரை முதல் ஒரு மில்லிலிட்டர் வரை, கருவைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீருக்குள் ஊசியால் விடுகிறார்கள். பொரிப்பதற்கு முன் கரு அந்தப் பனிக்குட நீரைக் குடித்துத் தீர்க்கும். அதோடு சேர்ந்து நாம் விட்டதும் குடலுக்குப் போய்ச் சேரும்.

ஊசி என்றதும் தசையில் போடும் மருந்து நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. ஊசி வெறும் வாய்க்கால்தான். உண்பது கருவின் அலகு.

ஒரு முட்டைக்குள் குஞ்சுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறதே. அப்புறம் எதற்கு இது?

எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்று மிகக் குறைவு: மாவுச்சத்து (சர்க்கரை வகைகளையும் சேர்த்தே சொல்கிறேன்). முட்டையின் எடையில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. 60 கிராம் முட்டையில் அரை கிராம் அளவுக்குத்தான் தேறும். மஞ்சள் கருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கரு தன் வளர்ச்சிக்கான எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்கை அந்தக் கொழுப்பை எரித்தே பெறுகிறது.

கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். அடைகாப்பின் பெரும்பகுதியில் அதற்குத் தட்டுப்பாடு இல்லை. கடைசியில்தான் இழுபறி. கரு ஓட்டின் உட்புறத்தை நிரப்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஓட்டின் நுண்துளைகள் அன்றிருந்த எண்ணிக்கையேதான். ஆக்சிஜன் குறைகிறது, கரியமில வாயு கூடுகிறது. அதே நேரத்தில் பிடரித் தசையால் தலையை உந்தி ஓட்டை உடைக்கும் கடும் வேலை வேறு காத்திருக்கிறது. இந்த இடத்தில் கைகொடுப்பது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன், அதாவது குளுக்கோசின் சேமிப்பு வடிவம். ஆக்சிஜன் குறைந்த நிலையிலும் அதிலிருந்து சக்தி எடுக்க முடியும். அந்தச் சேமிப்போ மில்லிகிராம் கணக்கு. அது தீர்ந்தால் கரு தன் தசைப் புரதத்தைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். கறிக்கோழியில் கரையும் தசை என்றால் அது பெரும்பாலும் நெஞ்சுத் தசை, அதாவது நாம் எதற்காகக் கோழி வளர்க்கிறோமோ அதே இறைச்சி.

தாது உப்புகளிலும் ஒரு பற்றாக்குறை உண்டு. துத்தநாகம், செம்பு, மாங்கனீசு போன்றவற்றை மஞ்சள் கருவிலிருந்து கரு 17ஆம் நாளுக்குள் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. எலும்பு வேகமாக இறுகும் கடைசி நாட்களில் அந்தக் கணக்கில் மிச்சம் மிகக் குறைவு.

இன்னொன்றும் உண்டு. முட்டை அப்படியேதான் இருக்கிறது, கோழி மாறிவிட்டது. இன்றைய கறிக்கோழி 35 நாளில் 2 கிலோவைத் தாண்டுகிறது. முட்டைக்குள் இருந்த 21 நாளையும் சேர்த்தால் அதன் மொத்த ஆயுள் 56 நாள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஓட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. தீவனச் சாக்குகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் அந்த 21 நாளை 'அது பொரிப்பகத்தின் வேலை' என்று தள்ளிவிடுகிறோம்.

பொரித்த குஞ்சு இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமலே இருக்கும் என்பார்கள். அது பொய்யா?

உயிரோடு இருக்கும் என்பது மெய். நன்றாக இருக்கும் என்பது வேறு பேச்சு.

ஒரே நாளில் அடைவைத்த முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிப்பதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே 24 முதல் 36 மணி நேரம் போய்விடும். கடைசிக் குஞ்சு வரும் வரை முதல் குஞ்சு தட்டிலேயே நிற்கும். பிறகு பிரித்தல், எண்ணுதல், தடுப்பூசி, பெட்டியில் அடைத்தல், வண்டிப் பயணம். முதலில் பொரித்தது முதல் வாய் தீனியைப் பார்க்கும்போது 48 மணி நேரம் ஆகியிருப்பது சாதாரணம். 72 மணி நேரம் வரை போவதும் உண்டு. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவின் மிச்சம் அதுவரை உயிரைப் பிடித்து வைக்கும்.

ஆனால் அந்த மிச்சம் கொழுப்பும் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளும்தான். குடலுக்கு வேலை தருவது உள்ளே வரும் தீனி. தீனி வந்தால்தான் குடலுறிஞ்சிகள் (குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய நீட்சிகள்) உயரும், செரிமான நொதிகள் கூடும். விந்தை என்னவென்றால், உடனே தீனி தின்ற குஞ்சுதான் மஞ்சள் கரு மிச்சத்தையும் வேகமாகப் பயன்படுத்துகிறது. பட்டினி கிடந்ததன் வயிற்றில் அது அதிக நேரம் தங்குகிறது. தசையிலும் இதே கதை. தசை நார்களின் எண்ணிக்கை பொரிக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும். பின்னால் நாரைத் தடிக்கச் செய்யும் துணைச் செல்கள் பெருகுவது பொரித்த முதல் சில நாட்களில். அந்த நாட்களைப் பட்டினியில் கழித்தால், பிறகு என்ன நல்ல தீவனம் போட்டாலும் முழுதாக ஈடுகட்டுவது கடினம்.

ஒரு மில்லிலிட்டரில் என்ன பெரிய உணவு இருந்துவிடும்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 சதவீத மாவுச்சத்துக் கரைசல் ஒரு மில்லிலிட்டர் விட்டால் உள்ளே போவது 0.2 கிராம். எரிசக்தியாக அது ஒரு கிலோகலோரிக்கும் குறைவு. குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவின் கொழுப்பில் அதைப் போலப் பல மடங்கு இருக்கிறது. ஆகவே 'குஞ்சின் வயிற்றை நிரப்புகிறோம்' என்று எண்ணினால் இந்த வேலைக்குப் பொருளே இல்லை.

இதன் பலன் வேறு வழியில் வருகிறது. ஒன்று, அந்த 0.2 கிராம் சரியான நேரத்தில் வரும் சரியான வகைச் சத்து. கொழுப்பு மலைபோல இருந்தாலும் அது தர முடியாத குளுக்கோசை இது தருகிறது. கிளைக்கோஜன் சேமிப்பையும் தசையையும் காக்கிறது. இன்னொன்று, குடலுக்கு இது ஒரு முன்னறிவிப்பு. 17ஆம் நாளில் கருவின் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதமாக இருக்கும் குடல், பொரிக்கும்போது மூன்றரை சதவீதம் அளவுக்கு வளர்கிறது. அந்த ஓட்டத்தின் நடுவே மாவும் அமினோ அமிலமும் வந்து தொட்டால், அவற்றைச் செரிக்கும் நொதிகளும் உறிஞ்சும் வழிகளும் முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன. பண்ணையில் முதல் தீனி விழும்போது குடல் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை.

இந்த யோசனை யாருடையது?

ஊசி முதலில் வந்தது தடுப்பூசிக்காக. 1982இல் ஷர்மா, பர்மெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 18ஆம் நாள் முட்டைக்குள் மாரெக்ஸ் என்ற கோழி வைரஸ் நோய்க்கான தடுப்பூசி போட்டால் குஞ்சுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது என்று காட்டினார்கள். 1990களின் தொடக்கத்தில் அதற்கான இயந்திரங்கள் பொரிப்பகங்களுக்கு வந்தன. சத்துக் கரைசலைப் பனிக்குட நீருக்குள் விட்டு ஊட்டும் முறைக்கு ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஜெஹாவா ஊனியும், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபெர்கெட்டும் 2003இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அதற்குப் பிறகு பல நாடுகளில் ஆய்வுகள் பெருகின.

எந்த நாளில் போட வேண்டும்?

பதினேழரை நாள் முதல் பதினெட்டரை நாள் வரை. செட்டரிலிருந்து (முதலில் அடைவைக்கும் இயந்திரம்) ஹேச்சருக்கு (கடைசி நாட்களில் பொரிக்க வைக்கும் இயந்திரம்) முட்டைகளை மாற்றும் நேரமும் அதுவேதான், ஆகவே தனியாக ஒருமுறை வெளியே எடுக்க வேண்டியதில்லை.

முன்னால் போட்டால் என்ன? கரு சிறியது, பனிக்குட நீரைக் குடிக்கும் வேகமும் குறைவு. கரைசல் வீணாகும், கருவுக்கு ஊறு நேரும் வாய்ப்பும் கூடும். பின்னால் போட்டால் நீர் தீர்ந்துபோய்க் கரு, அகன்ற முனையில் உள்ள காற்றறைக்குள் அலகை நீட்டியிருக்கும். ஊசி தலையிலோ கழுத்திலோ ஏறும். நாளைவிட மணிதான் முக்கியம் என்று பொரிப்பகக்காரர்கள் சொல்வது இதனால்தான். தவிர, நாட்காட்டியில் 18 என்றிருந்தாலும் இன்குபேட்டரின் வெப்பம் அரை டிகிரி கூடுதலாக ஓடியிருந்தால் கரு நாளைத் தாண்டியிருக்கும். நான்கைந்து முட்டைகளை உடைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம்.

முட்டைக்குள் எந்த இடத்தில் விட வேண்டும்?

வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் தீர்மானமாகிறது. 18ஆம் நாள் முட்டையை அகன்ற முனையிலிருந்து உள்ளே போவதாகக் கற்பனை செய்யுங்கள். முதலில் ஓடு, அதன் கீழ் காற்றறை. அடுத்து உள் ஓட்டுச் சவ்வு. அதையடுத்து ரத்தக் குழாய்கள் பின்னிய அல்லான்டாயிஸ் பை. அதற்குள் பனிக்குடம், பனிக்குடத்துக்குள் கரு. மஞ்சள் கருப் பை கருவின் வயிற்றோடு ஒட்டி மறுபக்கம்.

நமக்கு வேண்டியது பனிக்குடம். ஊசி போதிய ஆழம் போகாமல் காற்றறையில் நின்றால் கரைசல் சவ்வின் மேல் தேங்கும். கரு மூச்சுவிட வரப்போகும் இடத்தில் குளம் கட்டியது போல ஆகிவிடும். அல்லான்டாயிஸ் பை கருவின் கழிவு சேரும் இடம். அங்கே விட்டது பெரும்பாலும் கழிவோடு போகும், கருவின் வாய்க்கு வராது. ரொம்ப ஆழம் போனால் கருவின் உடல். தடுப்பூசிக்கு உடலில் விழுந்தாலும் பரவாயில்லை, அளவு 0.05 மில்லிலிட்டர்தான். ஒரு மில்லிலிட்டர் சத்துக் கரைசலைக் கருவின் தோலுக்கடியிலோ தசையிலோ ஏற்றுவது அப்படியல்ல.

கையால் போடுபவர்கள் பொதுவாக இரண்டரை சென்டிமீட்டர் நீள ஊசியைக் காற்றறையின் நடுவிலிருந்து நேராக இறக்குகிறார்கள். முட்டையின் அளவு மாறினால் ஆழமும் மாறும். இளம் தாய்க்கோழிகளின் சின்ன முட்டையும், முதிர்ந்த கோழிகளின் பெரிய முட்டையும் ஒரே தட்டில் கலந்திருந்தால் ஒரே ஆழம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

சரியான இடத்தில்தான் விழுகிறது என்று எப்படி உறுதி செய்வது?

சாயம். உணவுக்குப் பயன்படும் நிறமியைக் கரைசலில் கலந்து கொஞ்சம் முட்டைகளில் போட்டு, உடனே உடைத்துப் பாருங்கள். நிறம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உங்கள் கை போகிறது. அந்த முட்டைகள் சோதனைக்கானவை, திரும்ப அடைக்குப் போகாது. உடைக்கும் முன் கருவை வலியில்லாமல் முடிக்கும் முறையையும் அறிந்து செய்ய வேண்டும். முதல் நாளில் நூறு முட்டை போட்டுப் பழகிய கைக்கும் பத்து முட்டை போட்ட கைக்கும் உள்ள வித்தியாசம் சாயத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

என்னென்ன சத்துகளைக் கொடுக்கிறார்கள்?

பட்டியல் நீளம். பயன் தெளிவாகப் புரியும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மாவுச்சத்துகள்தான் தொடக்கம்: டெக்ஸ்ட்ரின், மால்டோஸ், சுக்ரோஸ், குளுக்கோஸ். காரணம் மேலே வந்துவிட்டது. இவற்றோடு அடிக்கடி சேர்வது எச்எம்பி எனப்படும், லியூசின் என்ற அமினோ அமிலத்தின் வழிப்பொருள்; தசைப் புரதம் கரைவதைக் குறைப்பது அதன் வேலை.

அமினோ அமிலங்களில் ஆர்ஜினின் தனியாகச் சொல்லத் தக்கது. கோழியால் அதைத் தன் உடலில் செய்துகொள்ள முடியாது. பாலூட்டிகளிடம் உள்ள யூரியா சுழற்சி முழுமையாகக் கோழியிடம் இல்லை. வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். குளூட்டமின் குடல் செல்களுக்கு நேரடி எரிபொருள். திரியோனின் குடலின் சளிப் படலத்துக்கு அதிகம் தேவைப்படுவது. லைசின், மெத்தியோனின் இரண்டும் வழக்கமான தீவனத்திலேயே முதலில் தட்டுப்படுபவை, ஆகவே இங்கேயும் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

தாது உப்பில் துத்தநாகம், மாங்கனீசு, செம்பு. வைட்டமினில் ஈ, சி, டி. டி வைட்டமினின் 25-ஹைட்ராக்சி வடிவம் கால் எலும்புக்காக. வேகமாக எடை ஏறும் கோழியில் கால் தாங்காமல் போவது பெரிய தலைவலி என்பது தெரிந்ததே. கார்னிட்டின் கொழுப்பை எரிக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. நான் பணம் கட்ட மாட்டேன்.

நல்ல பாக்டீரியாக்களையும் அவற்றுக்கான உணவையும் கொடுப்பது தனிக் கிளை. அதில் சில ஆய்வாளர்கள், குறிப்பாகப் போலந்தில், 12ஆம் நாளிலேயே காற்றறைக்குள் விடுகிறார்கள். அந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவாகும், நீரில் கரையும் சர்க்கரைகள் சவ்வின் ரத்தக் குழாய்கள் வழியாகக் கருவுக்குள் போகின்றன. அளவு மிகக் குறைவு, நோக்கமும் வேறு. ஊட்டுவதல்ல, குடலில் யார் முதலில் குடியேறுவது என்பதை முடிவு செய்வது. 18ஆம் நாள் பனிக்குட ஊட்டத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாச் சத்தையும் சேர்த்துக் கெட்டியாகக் கலந்தால் இன்னும் நல்லதுதானே?

குஞ்சு சாகும். கரைசலின் அடர்த்தி என்பது வெறும் கிராம் கணக்கல்ல. எத்தனை துகள்கள் கரைந்திருக்கின்றன என்பதே கணக்கு. 0.9 சதவீத உப்புக் கரைசல் லிட்டருக்கு ஏறக்குறைய 300 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு), உடல் நீருக்கு நெருக்கம். 5 சதவீதக் குளுக்கோசும் அதையொட்டித்தான். குளுக்கோசை 20 சதவீதமாக்கினால் 1,100ஐத் தொடும். உடல் நீரைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அதைக் குடித்த கருவின் குடல், திசுக்களிலிருந்து தண்ணீரை இழுக்கும். கரு உள்ளேயே வறண்டுபோகும்.

டெக்ஸ்ட்ரினை ஆய்வாளர்கள் விரும்புவதன் காரணம் இதில் ஒளிந்திருக்கிறது. அது பல குளுக்கோஸ்கள் கோத்த சங்கிலி. அதே கிராமுக்குத் துகள் எண்ணிக்கை குறைவு, ஆகவே ஆஸ்மோல் அழுத்தமும் குறைவு. சத்தைக் கூட்டலாம், தண்ணீரை இழுக்காது. அமினோ அமிலமும் தாது உப்பும் சேரச் சேர அழுத்தம் ஏறும் என்பதால், கலவை எழுதியவுடன் கணக்குப் போட்டு, முடிந்தால் கருவியில் அளந்தும் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சர்க்கரைத் தண்ணீர் கலந்து போடலாமா?

வேண்டாம்.

ஊசி போடும்போது சுத்தம் எந்த அளவுக்கு?

ஓடு என்பது கோட்டைச் சுவர். அதில் நீங்களே ஓட்டை போடுகிறீர்கள். உள்ளே 37 டிகிரிக்கும் மேல் வெப்பம், ஈரம், இப்போது சத்துக் கரைசலும். கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. கரைசலைக் கிருமி நீக்கித் தயாரிக்க வேண்டும். தயாரித்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த கரைசலை அப்படியே ஏற்றாமல் வெதுவெதுப்பாக்கிக்கொள்வது நல்லது. இயந்திரங்களில் வெளி ஊசி ஓட்டைத் துளைக்கும், அதனுள்ளிருந்து நுண்ணிய ஊசி இறங்கும். ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியால் கழுவப்படும்.

பலர் கவனிக்காதது காற்று. அறையில் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இருந்தால் துளை வழியாக உள்ளே போய்க் குஞ்சின் நுரையீரலைப் பிடிக்கும். ஹேச்சரிலிருந்து குஞ்சுகளின் பஞ்சு மயிர் பறக்கும் அறையில் உட்கார்ந்து ஊசி போடுவது தற்கொலைக்குச் சமம். கேண்டிலிங் செய்து, அதாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கருக்கட்டாத முட்டைகளையும் செத்த முட்டைகளையும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஒரு அழுகிய முட்டையைக் குத்திய ஊசி அடுத்து எதைக் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள். முட்டைகள் வெளியே இருக்கும் நேரம் அரை மணியைத் தாண்டக் கூடாது.

மாரெக்ஸ் தடுப்பூசியோடு கலந்து ஒரே ஊசியாகப் போட்டுவிடலாமே?

ஆசை நியாயமானது, ஏனென்றால் முட்டை ஒருமுறைதான் தட்டுக்கு வருகிறது. ஆனால் மாரெக்ஸ் தடுப்பூசியில் பெரும்பாலானவை உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் வைரஸ். திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரியில் காத்து வைத்து, அதற்கென்றே உள்ள நீர்மத்தில் கரைத்துப் போடுவது. செல் செத்தால் தடுப்பூசி செத்தது. கெட்டியான சர்க்கரையும் உப்பும் அமிலத்தன்மை மாற்றமும் செல்லை உடைக்கக் கூடியவை. தடுப்பூசித் தயாரிப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாத எதையும் அதில் கலக்காதீர்கள். அளவும் பொருந்தாது: அது 0.05 மில்லிலிட்டர், இது அதைப் போல பத்து இருபது மடங்கு.

இந்த முறை பரவலாகாததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. மணிக்குப் பல்லாயிரம் முட்டைகளுக்கு ஊசி போடும் இயந்திரங்கள் சிறு துளிக்காக வடிவமைக்கப்பட்டவை.

பொரிப்புத் திறன் குறையுமா?

சரியாகச் செய்தால் குறைய வேண்டியதில்லை. ஆனால் குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன்.

கருக்கட்டிய 1,000 முட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். ஊசி இல்லாமல் 92 சதவீதம் பொரித்தால் 920 குஞ்சு. ஒவ்வொன்றும் 2.2 கிலோவுக்கு வந்தால் 2,024 கிலோ. ஊசி போட்டதில் பொரிப்பு வெறும் இரண்டு புள்ளி குறைந்து 90 ஆனால் 900 குஞ்சு. அதே 2,024 கிலோவைத் தொட ஒவ்வொரு கோழியும் 2.25 கிலோ வர வேண்டும், அதாவது ஏறக்குறைய 50 கிராம் கூடுதல். ஊட்டத்தின் மொத்தப் பலனும் முட்டைக்குள் செத்த 20 குஞ்சுக்கு ஈடாகவே போய்விடுகிறது. 'குஞ்சு எடை கூடியது' என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வியாக 'எத்தனை பொரிந்தது' என்று கேளுங்கள்.

பலன் உண்மையில் எவ்வளவு?

தொடக்க ஆய்வுகளில் பொரித்த நாளின் எடை, ஊட்டம் பெறாததைவிட 3 முதல் 7 சதவீதம் கூடியதாகச் சொல்லப்பட்டது. கல்லீரல் கிளைக்கோஜன் தெளிவாகக் கூடுகிறது, குடலுறிஞ்சிகள் உயரமாகின்றன. இவை பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிபவை. 35ஆம் நாள் வரை அந்த வித்தியாசம் நிற்கிறதா என்பதில்தான் ஒற்றுமை இல்லை. சிலவற்றில் நிற்கிறது, பலவற்றில் இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மற்ற குஞ்சுகளும் எட்டிப் பிடித்துவிடுகின்றன.

வேறுபாட்டுக்குக் காரணங்கள் புரியாதவை அல்ல. இளம் தாய்க்கோழியின் சிறிய முட்டையில் மஞ்சள் கரு குறைவு. அங்கே ஊட்டத்துக்கு வேலை இருக்கிறது. நன்றாகத் தீவனம் தின்ற நடுவயதுக் கோழியின் முட்டையில் குறையே இல்லை என்றால் எதை நிரப்புவது? அதேபோல, பொரித்த சில மணி நேரத்தில் தீனி கிடைக்கும் குஞ்சுக்கு இது தேவைப்படாமல் போகலாம். இரண்டு நாள் பெட்டியில் இருக்கப் போகும் குஞ்சுக்குத் தேவைப்படலாம்.

எடையிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஒரு மில்லிலிட்டர் நீரை ஏற்றினால் ஒரு கிராம் எடை கூடும். 42 கிராம் குஞ்சுக்கு அது இரண்டு சதவீதத்துக்கும் மேல்! அது வளர்ச்சியா, தண்ணீரா? மஞ்சள் கரு மிச்சத்தைக் கழித்த உடல் எடை, நெஞ்சுத் தசையின் எடை, ஏழாம் நாள் எடை ஆகியவற்றைப் பார்த்தால்தான் விடை தெரியும்.

எங்கள் பொரிப்பகத்தில் சோதித்துப் பார்க்க நினைக்கிறோம். எப்படி?

மூன்று கூட்டம் வேண்டும். ஒன்றுக்கு எதுவும் செய்யக் கூடாது. இரண்டாவதற்கு அதே துளை, அதே அளவு உப்புக் கரைசல் மட்டும். மூன்றாவதற்குச் சத்துக் கரைசல். நடுக்கூட்டம் இல்லாத சோதனை வீண்: குத்தியதால் வந்த நட்டமும் சத்தால் வந்த லாபமும் ஒன்றோடொன்று கலந்து எதுவென்றே தெரியாமல் போகும். முட்டைகள் ஒரே தாய்க்கூட்டத்தின், ஒரே நாளின், அருகருகான எடை கொண்டவையாக இருக்கட்டும். இன்குபேட்டரில் மேல்தட்டு ஒரு கூட்டம், கீழ்த்தட்டு இன்னொரு கூட்டம் என்று பிரிக்காதீர்கள். மூன்றையும் எல்லாத் தட்டிலும் கலந்து வையுங்கள்.

பொரிக்காத முட்டைகளைத் தூக்கி எறிவதற்கு முன் உடைத்துப் பாருங்கள். எந்த நாளில் செத்தது, பனிக்குட நீர் மிச்சமிருக்கிறதா, அழுகல் வாடை உண்டா என்பவை பொரித்தவற்றைவிட அதிகம் சொல்லும்.

இதற்குப் பதிலாக வேறு வழிகள் உண்டா?

உண்டு, அவற்றில் சில எளியவையும்கூட. முதலாவது தாய்க்கோழித் தீவனம். வைட்டமின், துத்தநாகம், மாங்கனீசு, செலினியம் ஆகியவை தாயின் தீவனத்திலிருந்து முட்டைக்குப் போகின்றன. அங்கே குறைவைத்துவிட்டு 18ஆம் நாளில் ஊசியால் சரிசெய்வது அடுப்பை அணைத்துவிட்டுச் சோற்றை ஊதிக்கொண்டிருப்பது போல. மாவுச்சத்தை மட்டும் தாய் வழியாகக் கூட்ட முடியாது, முட்டை அதை ஏற்பதில்லை. இரண்டாவது, ஹேச்சருக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வைப்பது. மூன்றாவது, 18ஆம் நாள் முட்டைகளைப் பண்ணைக்கே கொண்டுபோய் அங்கே பொரிக்க விடுவது. குஞ்சு கண் திறந்ததும் தீனி எதிரில். நெதர்லாந்து போன்ற இடங்களில் இந்த இரண்டும் வணிக அளவில் நடக்கின்றன.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி: தாய்த் தீவனம், இன்குபேட்டர் வெப்பம், பொரிப்பு இடைவெளியைச் சுருக்குவது, பயண நேரத்தைக் குறைப்பது. இந்த நான்கும் சரியாக இருந்தும் குறை தெரிந்தால் ஊசி.

இது ஹார்மோனா? ஆன்டிபயாடிக்கா?

இரண்டும் இல்லை. சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின், தாது உப்பு. ஆனால் சந்தேகம் வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. சில நாடுகளில் தடுப்பூசியோடு சேர்த்து முட்டைக்குள் ஆன்டிபயாடிக்கும் போடும் வழக்கம் இருந்தது. செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த செஃப்டியோஃபர் அதில் ஒன்று. மனித மருத்துவத்துக்கு முக்கியமான அந்த வகை மருந்துக்குக் கிருமிகள் பழகிவிடும் என்ற கவலையால், 2012இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கோழி உள்ளிட்ட முக்கிய உணவு விலங்குகளில் செஃபலோஸ்போரின்களை அனுமதிக்கு மாறாகச் சில விதங்களில் பயன்படுத்தத் தடை கொண்டுவந்தது. ஊசி போகும் வழி ஒன்றாக இருக்கலாம். போகும் பொருள் என்ன என்று கேட்பது உங்கள் உரிமை.

வான்கோழி, வாத்து போன்றவற்றுக்கும் செய்யலாமா?

வான்கோழியில் தொடக்கத்திலிருந்தே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதன் அடைகாலம் 28 நாள் என்பதால் நாள் கணக்கு மாறும். வாத்திலும் புறாவிலும் சோதனைகள் உண்டு. கறிக்கோழியின் கலவையை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

ஊட்டம் பெற்ற குஞ்சு பண்ணைக்கு வந்ததும் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

தீனியைத் தாமதிக்கக் கூடாது, அவ்வளவுதான். விழித்துக்கொண்ட குடலை மறுபடி பட்டினி போட்டால் செய்த வேலை எல்லாம் வீண். கொட்டகையை முன்பே சூடாக்கி வையுங்கள். குளிர்ந்த தரையில் நிற்கும் குஞ்சு தீனியைத் தேடாது, கூட்டமாக ஒடுங்கும். காகிதத்தில் தீவனத்தைத் தூவுங்கள், தண்ணீர் கண்ணெதிரே இருக்கட்டும்.

வந்து 24 மணி நேரம் கழித்து, கொட்டகையின் பல இடங்களிலிருந்து குஞ்சுகளை எடுத்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு அது மெத்தென்று உருண்டையாக இருக்க வேண்டும். கெட்டியாக, உள்ளே தீவனத் துகள் அப்படியே தட்டுப்பட்டால் குஞ்சு தண்ணீரைக் கண்டுபிடிக்கவில்லை. நீர்ப்பை போலத் தளதளவென்றிருந்தால் தீனியைக் கண்டுபிடிக்கவில்லை. தட்டையாக இருந்தால் இரண்டையுமே பார்க்கவில்லை; உடனே வெப்பத்தையும் வெளிச்சத்தையும் சரிபாருங்கள்.